செண்பகவடிவுக்கு வழிவிட்டவர்கள்

கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அரசநல்லூர் கீழத்தெருவில் செண்பகவடிவு பால் வாங்க இறங்கியபோது தெரு அவளுக்கு வழிவிட்டது. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண் வாளியோடு சுவரை ஒட்டி நகர்ந்தாள், சைக்கிளில் வந்த பேப்பர்காரர் சாக்கடையோரம் ஒதுங்கினார், நடுத்தெருவில் படுத்துக்கிடந்த நாய் எழுந்து உடம்பை உதறிவிட்டு ஓரமாகப் போய்ப் படுத்தது. ஏன் ஒதுங்கினோம் என்று யாரும் யோசிக்கவில்லை. கால்கள் தாமாக நகர்ந்தன, கால்களுக்குப் பின்னால் ஆட்கள் போனார்கள். பால்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார், இரண்டு எட்டும் அவரைப் பின்னுக்குக் கொண்டுபோய் விட்டன. மறுபடியும் வந்தார், மறுபடியும் போனார். கடைசியில் அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போக, அவர் வந்து ஊற்றிவிட்டுத் தள்ளிப்போக, அவள் வந்து எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் இப்படியே வச்சிருங்கம்மா" என்றார் பால்காரர்.

நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

செண்பகவடிவு பதினோரு வருடமாக ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தாள். ஓட்டுவது சவரிமுத்து, அந்த வேலையில் ஓட்டுநரை பைலட் என்பார்கள். முன்னால் அவர், பின்னால் நோயாளியோடு அவள், நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி சன்னல். பாம்பு கடித்தவர்கள், அரளிவிதை தின்றவர்கள், லாரிக்கு அடியில் போனவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அவளுக்கு எதிரே அந்த நீளமான சின்ன அறைக்குள் படுத்திருக்கிறார்கள், அதில் பலர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், சிலர் போகவில்லை. கொடை அன்று வண்டியில் இருந்தவர் நெஞ்சுவலி வந்த ஒரு கொத்தனார். சப்பரமும் மேளமும் வாணவேடிக்கையுமாக பஜார் அடைத்துக்கொண்டு நிற்க, சைரன் அந்தச் சத்தத்தில் கரைந்துபோக, செண்பகவடிவு வண்டியை விட்டு இறங்கி முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ஒவ்வொரு தோளாகத் தள்ளித் தள்ளி, அரை மைல் தூரத்தை நாற்பது நிமிடத்தில் கடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கொத்தனார் இறந்துபோனார். அவர் விரல் நகங்களில் சிமெண்ட் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தவள் காலையில் எழுந்து பால் வாங்கப் போனாள், அவ்வளவுதான்.

"நேத்து நீ கேட்ட வழியை இன்னைக்குக் குடுத்திருக்காங்க தங்கச்சி" என்றார் சவரிமுத்து. அவர்தான் அதை அளந்தும் பார்த்தார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையில் அவள் நிற்க, மறுமுனையை அவரால் பிடிக்க முடிந்தது. அதைவிடக் கிட்டே வர முடியவில்லை. ஒரு ஸ்ட்ரெச்சர் தூரம். வேலை நிற்காது என்று தெரிந்ததும் அவர் நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

அரசநல்லூர் அப்படியொன்றும் எதைக் கண்டும் மலைத்து நிற்கிற ஊர் அல்ல. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் அவரவர் தேவைக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். டவுன் பஸ்ஸில் அவள் முன்படியில் ஏறினால் நின்றுகொண்டிருந்த கூட்டம் தானாகப் பின்னால் நெருங்கிப் போனது. பத்து வருடமாக "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தி இருமல் வந்திருந்த கண்டக்டர் அவளைக் கண்டால் கும்பிட்டார். ரேஷன் கடையில் அவள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வரிசையே நகர்ந்துவிடும். ஆனால் அவள் வாங்கிப் போகும்வரை மற்றவர்கள் வெயிலில் நிற்க வேண்டியிருந்ததால், முதலில் வந்து வாங்கிப் போய்விடும்படி கடைக்காரர் சொல்லி அனுப்பினார். கல்யாண வீட்டுக்காரர்கள் பெண் அழைப்புக்கு அவளை முன்னால் நடக்கக் கூப்பிட்டார்கள். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள், முன்னால் தனியாக நடந்தாள், பந்தியில் அவளுக்கு வலப்புறம் மூன்று இலையும் இடப்புறம் மூன்று இலையும் காலியாக விட்டுச் சாப்பாடு போட்டார்கள். பரிமாறுகிறவர் சாம்பாரை வாளியோடு இலைக்கு முன்னால் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் தனியாகப் போட்டு, அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் வரைந்து வைத்தார். அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள், ஒரு ஸ்ட்ரெச்சர் தூரத்தில் இருந்தார்கள்.

இதில் அதிகம் சந்தோஷப்பட்டது அவளுடைய அலுவலகம். செண்பகவடிவு உட்கார்ந்திருக்கும் வண்டிக்கும் சாலைகள் வழிவிட்டன. லாரிகள் மண்ணில் இறங்கி நின்றன, ஆட்டு மந்தைகள் இரண்டாகப் பிரிந்தன, மூடப்போன ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிள்கள் ஆளோடு ஓரமாக உருண்டன. இருபது நிமிடமாக இருந்த ஆஸ்பத்திரித் தூரம் ஒன்பது நிமிடம் ஆயிற்று. சவரிமுத்து சைரன் போடுவதையே விட்டுவிட்டார். மாவட்ட அதிகாரி வந்து மேடை போட்டு அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். கொடுத்தார் என்றால் நாற்காலியில் வைத்துவிட்டு நகர்ந்தார், அவள் எடுத்துக்கொண்டாள், போட்டோக்காரர் இரண்டு பேரையும் ஒரே படத்தில் அடக்கத் திணறிப்போனார். பிறகு அவளுக்கு இரட்டை ஷிப்ட் போட்டார்கள். அவள் லீவு கேட்டபோது, "நீங்க இல்லாட்டா எப்படிம்மா?" என்றார்கள்.

அவளால் தொட முடிந்தவர்கள் நோயாளிகள் மட்டும்தான். எழுந்து நகர முடிகிறவர்கள் எல்லாரும் நகர்ந்தார்கள், முடியாதவர்கள் கிடந்தார்கள். நினைவில்லாமல் கிடப்பவர்களின் நாடியைப் பிடிக்கும்போது அவள் விரல்கள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, சாலையின் பாதி தூரம் போனதும் நோயாளிக்கு நினைவு திரும்பும், கண் திறக்கும், உடனே அந்த ஆள் முழங்கையை ஊன்றி வண்டியின் மறு ஓரத்துக்கு நகரப் பார்ப்பார். அப்போது அவளுக்குத் தெரிந்துவிடும், பிழைத்துக்கொண்டார் என்று. "அண்ணாச்சி, ஒதுங்குதாரு" என்று சன்னல் வழியாகச் சொல்வாள். சவரிமுத்து வேகத்தைக் குறைப்பார்.

வீட்டில் ஆறுமுகநயினார் இருந்தார். அவள் கணவர், மின்வாரியத்தில் லைன்மேன், அதிகம் பேசாத மனிதர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பதினான்கு வருடமாக அந்த வீட்டில் இரண்டு பேர்தான், ஒருவர் கையை ஒருவர் தொட்டுக்கொண்டுதான் தூங்குவார்கள். முதல் நாள் இரவு தூக்கத்திலேயே உருண்டு அவர் கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். இரண்டாம் நாள் சுவர்ப்பக்கம் படுத்தார், காலையில் பார்த்தால் தோள்பட்டை சுவரில் தேய்ந்து தோல் உரிந்திருந்தது. மூன்றாம் நாள் கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் மாட்டுகிற பெல்ட்டை எடுத்துவந்து கட்டில் காலோடு தன்னைப் பூட்டிக்கொண்டு, "இப்ப வா" என்றார். அவள் வந்தாள். கட்டில் நகர்ந்தது. கட்டிலோடு அவரும் நடை வரைக்கும் இழுபட்டுப் போய் நிலைப்படியில் முட்டி நின்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அடுக்களையில் பாய் போட்டுப் படுத்தாள், அவர் முன்னறையில் படுத்தார், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள், பேச்சு தீர்ந்ததும் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

அப்படியே ஏழு மாதம் போயிற்று. எட்டாவது மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அவசர ஊர்தி ஊழியர்களுக்கு மன உளைச்சல் மிகுந்து வருவதால், ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் திறந்த வெளியில் தனக்குப் பிடித்த பொழுதுபோக்கில் ஈடுபட வேண்டும், ஈடுபட்டதைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. விளையாட்டு, மலையேற்றம், நீச்சல் என்று உதாரணமும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு விடுப்பு தர மனமில்லாத மாவட்ட அதிகாரியால் அந்தக் கடிதத்தை மீற முடியவில்லை.

முதல் ஞாயிறு, சக ஊழியர்களோடு கிரிக்கெட் ஆடப் போனாள். அவளைப் பந்து போடச் சொன்னார்கள். அவள் ஓடிவர ஓடிவர அம்பயர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார். இரண்டாவது ஞாயிறு ஊருக்கு மேற்கே இருக்கும் பொத்தைக் குன்றில் ஏறினாள். பொத்தை நகரவில்லை. அது அவளுக்கு முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாறை சூடாக இருந்தது, ஒரு உடம்பைப் போலவே இருந்தது. ஆனால் உச்சிக்குப் போனதும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சரிவில் இறங்கின, ஆடு மேய்த்தவரும் இறங்கினார், குரங்குகள் இறங்கின, மைனாக்கள் எழுந்து போயின. சுற்றிலும் எட்டு ஊர் தெரிந்தது. எட்டு ஊரிலும் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். படிவத்தில் 'மலையேற்றம், நன்றாக இருந்தது' என்று எழுதினாள்.

"நீ ஆத்துக்கு வா" என்றார் சவரிமுத்து.

"எனக்கு நீச்சல் தெரியாதே அண்ணாச்சி. நான் ராதாபுரத்துக்காரி, எங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது."

"தெரியாட்டா என்ன? நான் சொல்லித் தாரேன். கரையில இருந்து சத்தம் போடுதேன், நீ அதுபடி செய்."

மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் தாமிரபரணிப் படித்துறைக்குப் போனார்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு ஓரமாக ஒதுங்கினார்கள், வண்ணாத்திப் பாறை வரைக்கும் ஆறு காலியாயிற்று. சவரிமுத்து ஒரு லாரி டியூபைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, படிக்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "காலை அடி, காலை அடி, வயித்தை எக்காதே, தலையைத் தண்ணிக்குள்ள விடு, ஒண்ணும் ஆவாது" என்று கத்தினார். அவள் நிறையத் தண்ணீர் குடித்தாள். நான்காவது ஞாயிறும் குடித்தாள். ஆறாவது ஞாயிறு, டியூப் ஒருபக்கம் போக, அவள் ஒருபக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள். கையை வீசினால் தண்ணீர் விலகியது, எல்லாரையும் போல, ஊரைப் போல விலகியது. ஆனால் விலகிய தண்ணீர் அங்கேயே நின்றுவிடவில்லை, அவள் விலாவை உரசிக்கொண்டு, முதுகு வழியாக வழிந்து, காலைச் சுற்றிக்கொண்டு, பின்னால் போய் மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டது. தண்ணீருக்கு வழிவிடுவதும் தொடுவதும் ஒரே காரியமாக இருந்தது. அவள் நின்றாள், நீந்தினாள், மல்லாந்து மிதந்தாள், காதுக்குள் ஆறு முணுமுணுத்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக முழு உடம்பையும் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. கரையேறியபோது அவள் அழுததை முகத்துத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார் சவரிமுத்து, அல்லது அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டார். அன்று மத்தியானம் அவள் பாயில் படுத்து நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். கொத்தனாரின் நகங்கள் கனவில் வரவில்லை. 

பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் ஆற்றில்தான் இருந்தாள். ஊரும் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டது. துணி துவைக்கிறவர்கள் சனிக்கிழமையே துவைத்து முடித்தார்கள், ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழு வரை படித்துறையை விட்டுக்கொடுத்தார்கள். பாலத்தின் மேலே நின்று எப்போதாவது ஒருவர், "நல்லா நீந்துதா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு காலையில் வாழைக்காய் வியாபாரி சுடலைமணியின் தாயாருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றைக்கு வந்தது வேறு வண்டி. செண்பகவடிவு அதில் இல்லாததால் சாலையும் வழிவிடவில்லை. பஜாரில் சந்தைக்கு வந்த லாரிகள் மூன்று குறுக்கே நின்றன, ஒன்பது மாதமாகத் தாமாக நகர்ந்து பழகியிருந்த ஊர்க்காரர்கள் தாங்களே நகர வேண்டும் என்பதை மறந்து நின்றார்கள். அந்த அம்மாள் வண்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு காலையில் சுடலைமணி மொட்டைத் தலையோடு படித்துறைக்கு வந்தான். அவனுக்கு முப்பது வயது இருக்கும். அவள் அப்போது நடு ஆற்றில் மல்லாந்திருந்தாள்.

"எந்திரிச்சு வா!" என்று கத்தினான். "எங்கம்மை வண்டிக்குள்ள மூச்சுக்கு இழுத்துக்கிட்டு கெடந்தா. அப்பம் நீ இங்கன மெதந்துக்கிட்டுதான இருந்த?"

அவள் கரைக்கு நீந்தி வந்தாள். படியில் ஏறினாள். அவள் ஒரு படி ஏற அவன் கால் ஒரு படி பின்னால் ஏறியது. அவன் அவளை நோக்கிக் கையை ஓங்கினான், அடிக்கத்தான் வந்திருந்தான், ஆனால் கால் கேட்கவில்லை. ஓங்கிய கையோடு அவன் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தான், மேல்படி வரைக்கும், அரசமரம் வரைக்கும், சாலை வரைக்கும்.

"ஒரு அடி அடிக்கக்கூட விடமாட்டேங்கியே" என்று சொல்லிவிட்டு அவன் சாலையில் உட்கார்ந்து அழுதான்.

செண்பகவடிவு ஈரத்தோடு நின்றாள். பதினோரு வருடத்தில் அழுகிறவர்கள் எத்தனையோ பேர் தோளில் அவள் கை வைத்திருக்கிறாள். இப்போது கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தலைமுடியைப் பிழிந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆற்றுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வண்டியில் ஏறினாள். 'நடைப்பயிற்சி' என்று படிவத்தில் பொய் எழுதினாள். மாவட்ட அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. ஊரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி துணி துவைக்க ஆரம்பித்தார்கள். ஐந்து வாரத்தில் அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று. அடுக்களையில் பாயில் படுத்துக்கொண்டு, தூக்கத்தில், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஆறுமுகநயினார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"ஏளா, நாங்க கம்பத்துல ஏறதுக்கு முன்னால ஆபீசுக்குப் போன் போட்டு ஷட் டவுன் கேப்போம். அவங்க கரண்டை நிப்பாட்டுவாங்க. அதுக்கப்புறம்தான் கம்பியில கை வைப்போம். அந்த ஒரு மணி நேரம் ஊருக்குக் கரண்டு கெடையாது. மாவு மில்லு நிக்கும். எவனாவது ஒருத்தன் வீட்ல கொழந்தைக்கு மூச்சுக்கு மிஷின் வச்சிருப்பான், அதுவும் நிக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நிப்பாட்டச் சொல்லுதேன். ஏன்னா நிப்பாட்டாம ஏறினா நான் கருகிப் போயிருவேன், அப்புறம் ஊருக்கு லைனும் கெடையாது, லைன்மேனும் கெடையாது."

"செத்தது ஒரு உசிருங்க" என்றாள் அவள்.

"ஆமா. செத்தது உசிருதான். அதை நான் இல்லைன்னு சொல்லலை. அதுக்காக நீ சார்ஜுல இருக்க கம்பியை வாழ்நாள் பூராவும் பிடிச்சிக்கிட்டே நிக்க முடியாதுளா. நாளைக்கு ஆத்துக்குப் போறோம்."

"போறோமா? நீங்களுமா?"

"நானுந்தான்."

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் முன்னால் நடந்தார், ஒரு ஸ்ட்ரெச்சர் தூரம் விட்டு அவள் பின்னால் நடந்தாள். சவரிமுத்து டியூபோடு படித்துறையில் காத்திருந்தார். படித்துறைக்கு நேர் எதிரே ஆறு ஆழமாக, ஓட்டமில்லாமல், பச்சையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கசம் என்பார்கள், இரண்டு ஆள் ஆழம். அவளைக் கசத்தின் நடுவில் போய் நிற்கச் சொன்னார் ஆறுமுகநயினார். அவள் நீந்திப் போய் அங்கே காலை அசைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் சட்டையைக் கழற்றி மடித்துப் படியில் வைத்து, டியூபைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கினார்.

கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு முழங்கால் தண்ணீரிலேயே நடுக்கம் வந்துவிட்டது. இடுப்பு வரை போனார். மார்பு வரை போனார். சவரிமுத்து கரையிலிருந்து, "போதும் மாப்பிள்ளை, அதுக்கு அங்கிட்டு தரை கெடையாது" என்று கத்தினார். "அதுக்குத்தான் போறேன்" என்றார் ஆறுமுகநயினார். அடுத்த எட்டில் தரை இல்லை. அவர் ஒருமுறை முங்கி, டியூபைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, இருமி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "இப்ப வா" என்றார்.

அவள் வந்தாள். ஒரு ஸ்ட்ரெச்சர் தூரம் வந்ததும் நின்றாள், பழக்கத்தில். தண்ணீருக்கு அடியில் அவர் கால்கள் ஒதுங்கப் பார்ப்பது தெரிந்தது. பின்னால் ஒரு எட்டு வைத்தன, அது தண்ணீரில் விழுந்தது. இன்னொரு எட்டு வைத்தன, அதுவும் தண்ணீரில் விழுந்தது. ஒதுங்குவதற்குத் தரை இல்லை. நீந்தத் தெரிந்தவர் என்றால் கையை வீசி விலகிப் போயிருப்பார். இவருக்குத் தெரியாது, இவர் கை இரண்டும் டியூபைக் கட்டிக்கொண்டிருந்தன. அவள் இன்னும் ஒரு வீச்சு வந்தாள். இன்னும் ஒன்று. அவர் முகத்திலிருந்த தண்ணீர்த் துளிகள் தெரிந்தன, மீசையில் புதிதாக நாலைந்து நரை தெரிந்தது, பத்து மாதத்துக்கு மேலாகத் தூரத்திலிருந்து பார்த்ததில் அந்த நரை அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் தாமாக நாடிக்குப் போயின.

"நூத்தி முப்பது" என்றாள். "பயந்து கெடக்கீங்க."

"பின்ன? பயம் இல்லாம இருக்குமா? விட்டுராத."

"விடமாட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார். டியூபை விட்டார். அவள் அவரை முதுகுப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, முகவாயைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு, காலை மட்டும் அசைத்துக்கொண்டு மிதந்தாள். அவர் உடம்பு மொத்தமும் அவள் மேல் கிடந்தது.  கரையில் சவரிமுத்து திரும்பி உட்கார்ந்துகொண்டு பீடி பற்றவைத்தார்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. செண்பகவடிவுக்கு ஒரு மணி நேரம் ஷட் டவுன் என்று மின்வாரியத்துக்காரர் ஒருவர் சொல்லப்போக, அந்தப் பேரே நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆனதும் சுடலைமணி ஒரு விசிலை எடுத்துக்கொண்டு பஜார் முக்கில் வந்து நிற்கத் தொடங்கினான். யாரும் அவனை நிற்கச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் விசிலை ஊதிக்கொண்டு லாரிக்காரர்களையும் சந்தைக்காரர்களையும் கெட்ட வார்த்தை சொல்லி விரட்டினான். ஊர்க்காரர்கள் தங்கள் காலைத் தாங்களே நகர்த்தப் பழகினார்கள். அது அவ்வளவு சுத்தமாக வரவில்லை, ஒன்பது நிமிடம் பதினான்கு ஆயிற்று, சில நாள் பதினெட்டும் ஆயிற்று. சுடலைமணி அவளிடம் பேசுவதில்லை. எதிரே கண்டால் ஒதுங்கிப் போகிறான். அவன் கால்தான் ஒதுங்குகிறதா அவனேதானா என்று அவளுக்குத் தெரியாது, அவள் கேட்கப்போவதும் இல்லை.

மற்ற ஆறு நாளும் முன்னைப் போலவேதான். தெரு ஒதுங்குகிறது, பால்காரர் ஊற்றிவிட்டு விலகுகிறார், பந்தியில் மூன்றும் மூன்றும் ஆறு இலை காலியாகக் கிடக்கிறது, இரவில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பாய்கள் விரிகின்றன.

அடுத்த சித்திரையில் படித்துறையில் வைத்து சவரிமுத்து, "மாப்பிள்ளை, வாரம் வாரம் இப்படி அவ கையை நம்பி எறங்குதீங்களே, ஆபத்து இல்லையா? உங்களுக்கும் ரெண்டு மாசத்துல நீச்சல் சொல்லித் தந்துருதேன்" என்றார்.

ஆறுமுகநயினார் சட்டையை மடித்துப் படியில் வைத்தார். கசத்தின் நடுவில் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்.